கரவொலி நாட்டுக் குவளை

கரவொலி நாடு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டாம். தேடினால் கிடைக்காது, கிடைத்துவிட்டால் இன்னும் சங்கடம். கடலோரத்தில், நல்ல மழையும் நிறைய அமைச்சர்களும் உள்ள நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை சில ஆண்டுகள் பொய்த்தது உண்டு. அமைச்சர்கள் ஒரு நாளும் குறைந்ததில்லை.

அந்த நாட்டில் சட்டம் இயற்றும் முறை மிக எளிது. அவையில் ஒருவர் எழுந்து ஒரு கருத்தைச் சொல்வார். அவைக்கு மேலே மக்கள் மாடம் என்று ஒரு மாடம் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டினால் சொன்னது சட்டம். தட்டாவிட்டால் வெறும் பேச்சு. தட்டிய ஓசை போதுமா போதாதா என்று முடிவுசெய்யச் செவியர் என்றோர் அதிகாரி தூணோரம் நிற்பார். முப்பது ஆண்டுகள் கைதட்டலைக் கேட்டதில் அவருக்கு இடது காது கேட்காது. வலது காதை எப்போதும் அரசர் பக்கம் திருப்பி வைத்திருப்பார்.

இந்த ஏற்பாடு பல தலைமுறைகள் ஒழுங்காக நடந்தது. பிறகு, படகு இறக்குமுன் அரசரைப் போற்றி மூன்று பாட்டுப் பாட வேண்டும் என்ற சட்டம் வந்தது. பாடி முடிப்பதற்குள் மீன் போய்விட்டது. அடுத்து, கூரை ஒழுகுவதை வெளியில் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம். அதன்பின் மக்களுக்குக் கை சோர்ந்துவிட்டது. மாடத்துக்கு வந்தார்கள், அரசு கொடுத்த சுண்டலைத் தின்றார்கள், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஏழு மாதங்களாக நாட்டில் புதிய சட்டம் ஒன்றுகூட இல்லை. மக்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்ததாகக்கூடச் சொல்கிறார்கள்.

அரசரால் அதைப் பொறுக்க முடியவில்லை. வரவேற்புத் துறை அமைச்சர் விருத்தகிரி வழி கண்டுபிடித்தார். கடலுக்கு அப்பால் உள்ள நேச நாட்டில் கைதட்டப் பழக்கிய குரங்குகள் இருந்தன. யார் பேசி நிறுத்தினாலும் தட்டும். என்ன பேசினார்கள் என்று கேட்காது. முந்நூறு குரங்குகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கை உள்ளவர் எல்லோரும் குடிமக்களே என்று ஒரு சட்டமும் தேவைப்பட்டது. அதற்குத் தட்டவும் ஆள் இல்லாததால், வந்து இறங்கிய பிறகு குரங்குகளே தட்டித் தந்துவிடும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே நிறைவேற்றிவிட்டார்கள்.

ஒரே ஒரு தடை இருந்தது. கப்பலில் வரும் எந்த விலங்கும் துறைமுகத்துத் தனிமைக் கொட்டடியில் நாற்பது நாள் இருக்க வேண்டும். கொட்டடி மருத்துவர் நலச்சான்று எழுதிய பிறகே ஊருக்குள் நுழையலாம். இந்தப் பழைய சட்டத்தை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு சட்டம் இருப்பதே மருத்துவர் மாசிலாமணியைத் தவிர வேறு யாருக்கும் நினைவில் இல்லை.

மாசிலாமணிக்கு ஐம்பத்தைந்து வயது. இருபத்தாறு ஆண்டு பணியில் ஒரு பொய்ச் சான்று எழுதியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. அந்த இருபத்தாறு ஆண்டுகளில் குதிரைகளும் கறவை ஆடுகளும்தான் கப்பலில் வந்தன என்பதையும், ஒரு பொய் எழுதித் தாருங்கள் என்று யாருமே அவரைக் கேட்டதில்லை என்பதையும் அவர் அந்தப் பெருமையில் சேர்த்துப் பார்த்ததில்லை. கையெழுத்து மட்டும் அச்சுக் கோத்ததுபோல இருக்கும். அதிலும் அவருக்குப் பெருமை.

கொட்டடியில் அவருக்குக் கீழே காத்தாயி என்ற பெண் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்தாள். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, கழிவை அள்ளுவது எல்லாம் அவள்தான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கழிவைப் பார்த்தே எந்த விலங்குக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். மருத்துவர் அதைக் கேட்டுக்கொண்டு, லத்தீன் மாதிரி ஒலிக்கும் ஒரு பெயரில் ஏட்டில் எழுதுவார்.

கப்பல் வந்தது. பெட்டிகளைத் திறந்த அன்று காலையே காத்தாயி ஓடிவந்தாள்.

"ஐயா, சீக்கிரம் வாங்க. சளி சளியா போவுது. ரத்தமும் கலந்திருக்கு. நாலஞ்சு எந்திரிக்கவே இல்ல. ஒண்ணு வயித்தப் புடிச்சிக்கிட்டு அழுவுது ஐயா, மனுசப் புள்ள மாதிரி."

மாசிலாமணி போய்ப் பார்த்தார். மூன்று வாரம் கடலில், ஒரே பெட்டியில் ஏழெட்டாக அடைத்து, ஒரே தொட்டியில் தண்ணீர் வைத்துக் கொண்டு வந்திருந்தார்கள். கழிவில் கொஞ்சம் எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவினார். இரண்டாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது சந்தேகமே இல்லை. சீதபேதிக் கிருமி. குரங்கிடமிருந்து மனிதனுக்கும் மனிதனிடமிருந்து குரங்குக்கும் கூச்சமில்லாமல் போய்வரக்கூடியது. ஒரு கை, ஒரு குவளை, ஒரு வாய்த் தண்ணீர் போதும்.

"காத்தாயி, நல்லாக் கேட்டுக்க. ஒவ்வொரு தரமும் சோப்புப் போட்டுக் கை கழுவு. தண்ணியக் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும். அதுங்க வாய் வெச்ச எதையும் நாம தொடக் கூடாது."

"சரிங்க ஐயா. நீங்க சொன்னா செய்யாம இருப்பேனா?" என்றாள் காத்தாயி. இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். மாசிலாமணியால் மறக்க முடிந்ததில்லை.

மூன்றாம் நாள் அமைச்சர் விருத்தகிரி கொட்டடிக்கு வந்தார். மூக்கில் சந்தனம் தோய்த்த துணி. கையில் ஏற்கெனவே எழுதி முடித்த நலச்சான்று; கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

"மருத்துவரே, நோய்னு ஏதோ சொல்றீங்களாமே?"

"சீதபேதிங்க. பதினோரு குரங்குக்கு முத்திப் போச்சு. மத்ததுலயும் பாதிக்கு இருக்கும். நாப்பது நாள் அடைச்சு வெச்சு வைத்தியம் பண்ணினா..."

"நாப்பது நாளா? நாளன்னிக்கு வரவேற்பு. நேச நாட்டுத் தூதர் வர்றாரு. அவங்க அனுப்பின விருந்தாளிகளுக்குப் பேதின்னு எழுதினா அது மருத்துவமா, போர் அறிவிப்பா? நீங்களே சொல்லுங்க." அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "இதுங்க மூணு வாரம் பயணம் பண்ணியிருக்கு. பயணம் பண்ணினா களைப்பு வராதா? பயணக் களைப்புன்னு எழுதியிருக்கேன். நோய்ப் பேரே இல்லாம எழுதல பாருங்க. உங்க மனசாட்சிக்கும் ஒரு எடம் விட்டிருக்கேன்."

அமைச்சர் மிரட்டவில்லை. வேலை போகும் என்று சொல்லவில்லை, சிறை என்று சொல்லவில்லை. மிரட்டியிருந்தால் பிற்பாடு சொல்லிக்கொள்ளவாவது ஆகியிருக்கும். அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "உங்க கையெழுத்த அரசர் பார்த்திருக்காரு தெரியுமா? இந்த அழகான கையெழுத்து யாரோடதுன்னு கேட்டாரு."

மாசிலாமணி பேனாவை எடுத்தார். வழக்கத்தைவிட அழகாகவே கையெழுத்திட்டார். வெட்கம் அப்போது வரவில்லை. அமைச்சரின் பல்லக்கு வாசலைத் தாண்டிய பிறகுதான் வந்தது. வந்தது, பிறகு போகவே இல்லை.

*

கரவொலி நாட்டு மக்கள் மற்ற நாளெல்லாம் செம்பை உயர்த்தி, உதடு படாமல் அண்ணாந்து குடிப்பவர்கள். பிறர் வாய் பட்ட பாத்திரத்தைக் கழுவாமல் தொடமாட்டார்கள். ஆனால் அரசு விருந்தினரை வரவேற்கும் நாளில் மட்டும் ஒரு சடங்கு உண்டு. சேர்குவளை என்று ஒரு வெண்கலக் குவளையில் தண்ணீர் நிரப்பி, முதலில் விருந்தினர் வாய் வைத்துக் குடிப்பார். அதே குவளையில் அரசின் சார்பாக ஓர் அதிகாரி குடிப்பார். பிறகு, விருந்தினரைப் பார்த்துக்கொள்ளப் போகும் பணியாள். பிறகு கூடியிருக்கும் பொதுமக்கள். உன்னை நம்புகிறேன், உன் எச்சிலும் எனக்கு அமுது என்று பொருள். நல்ல சடங்குதான். வந்தவர்கள் மனிதர்களாகவும் ஆரோக்கியமாகவும் இருந்த காலத்தில் ஏற்பட்டது.

குரங்குகள் அரசு விருந்தினர்கள் என்று அறிவிக்கப்பட்டிருந்தன. ஆகவே குவளையும் வந்தது.

துறைமுக மேடையில் கொடிகள், மேளம், தூதருக்குச் சிம்மாசனம். அமைச்சர் முழங்கினார்: "கடல் கடந்து வந்த கைகளே! எங்கள் நாட்டின் ஓசையாக விளங்கப் போகும் விரல்களே! வருக! இந்த மண்ணின் நீரைப் பருகுக!" மூச்சு வாங்க அவர் நிறுத்தியதும் குரங்குகள் தட்டின. நிற்க முடியாமல் தரையில் கிடந்த குரங்குகளும் கிடந்தபடியே தட்டின. செவியர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். ஏழு மாதத்துக்குப் பிறகு நாடு மறுபடி நடக்கத் தொடங்கியது.

பெரிய குரங்கு ஒன்று குவளைக்குள் வாயையும் கையையும் சேர்த்து விட்டுக் குடித்தது. அரசின் சார்பாகக் குடிக்க வேண்டியவர் நலச்சான்று எழுதிய மருத்துவர். குவளை மாசிலாமணியின் கைக்கு வந்தது.

அமைச்சரை விட்டுவிட்டால், அதில் என்ன இருக்கிறது என்று அந்த மேடையில் தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் கையில் குவளை இருந்தது. இன்னொருத்தி அவருக்கு அடுத்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் குவளையை உதட்டில் வைத்தார். சாய்த்தார். உதட்டை இறுக மூடியிருந்தார். மீசை நனைந்தது, ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. கூட்டம் ஆரவாரித்தது. அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு குவளையைக் காத்தாயியிடம் நீட்டினார்.

அவள் அவரைப் பார்த்தாள். குடிக்கலாமா என்று கேட்கும் பார்வை என்று அவர் நினைத்தார். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்திருக்கலாம். கை தவறியதுபோலக் குவளையைக் கீழே போட்டிருக்கலாம். பதினாறு ஆண்டுகள் அவர் சொன்னதையெல்லாம் செய்தவள். ஒரு கண்ணசைவு போதும். தூதர் பார்த்துக்கொண்டிருந்தார், அமைச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி கொடிக்கம்பத்தின் உச்சியைப் பார்த்தார்.

காத்தாயி வாய் வைத்து மூன்று மிடறு குடித்தாள். குவளை கூட்டத்துக்குள் போனது. காலியாகக் காலியாக அதையே நிரப்பினார்கள்.

*

ஒரே வாரத்தில் துறைமுகத் தெருக்களில் ஆரம்பித்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மக்கள் கொல்லைக்கும் வீட்டுக்கும் அலைந்தார்கள். குழந்தைகளும் கிழவர்களும் முதலில் சுருண்டார்கள். பயணமே செய்யாதவர்களுக்குப் பயணக் களைப்பு எப்படி வரும் என்று ஒரு வண்டிக்காரர் அவையில் கேட்டுவிட்டார். மறுநாளே சட்டம் வந்தது: பயணம் செய்தவர் அருகில் நின்றவரும் பயணம் செய்தவராகவே கருதப்படுவார். குரங்குகள் தட்டின.

மாசிலாமணி தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். காரணம் மட்டும் சொல்லவில்லை. ஊரெங்கும் உலை ஏறியது. தூதர் மாடியிலிருந்து புகையைப் பார்த்து, எங்கள் விருந்தினர் தொட்ட தண்ணீர் அவ்வளவு அசிங்கமா என்று வருத்தப்பட்டார். அடுத்த சட்டம்: தண்ணீரைக் கொதிக்க வைப்பது நேச நாட்டை அவமதிப்பதாகும், வெந்நீர் வைத்திருப்போர் தேசத்துரோகிகள். காவலர்கள் அடுப்படிக்குள் நுழைந்து பானையைத் தொட்டுப் பார்த்தார்கள். குளிர்ந்த தண்ணீர் உள்ள வீடுகளுக்கு வாசலில் மாலை போட்டார்கள். மாலை விழுந்த வீடுகளில்தான் சாவு அதிகம்.

கடைசியாக, குடிமக்களின் பிரதிநிதிகளைக் கூண்டில் வைப்பது நாகரிகமல்ல என்று குரங்குகளை மக்கள் மாடத்திலேயே குடியேற்றினார்கள். காலியான கொட்டடிக்கு 'ஓய்வு மாளிகை' என்று பெயர்ப்பலகை மாட்டி, நோயுற்ற மக்களை அதில் அடைத்தார்கள். கூண்டுகள் அவையே. வைக்கோலை மாற்றக்கூட நேரமில்லை.

காத்தாயியையும் அங்கேதான் கிடத்தினார்கள். அவள் பதினாறு ஆண்டுகளாகக் கழுவிய கூண்டு, வரிசையில் மூன்றாவது.

மாசிலாமணி பகலில் எல்லோர் கண்ணெதிரே, மருந்துப் பைக்குள் வெந்நீர்ச் சீசாவை மறைத்து எடுத்துக்கொண்டு போனார். உப்பும் சர்க்கரையும் கலந்து சிறிது சிறிதாகப் புகட்டினார். தாமதம் அதிகமாகிவிட்டது. அவள் கண் உள்ளே போயிருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது.

"ஐயா, நீங்க நல்லாருக்கீங்கல்ல?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல காத்தாயி."

"நல்லது ஐயா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எம்பொண்ணு செங்கமலத்துக்கு என் வேலைய வாங்கிக் குடுத்துருங்க. வேற யாரு இருக்கா அவளுக்கு."

அவர் சரி என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். குவளையைப் பற்றித்தான். சொல்லவில்லை. அவள் ஐந்தாம் நாள் இறந்தாள். வாழ்நாளில் ஒரு படகில்கூட ஏறாத காத்தாயி பயணக் களைப்பால் இறந்தாள் என்று ஏட்டில் எழுத வேண்டியவர் அவர்தான். அச்சுக் கோத்ததுபோன்ற அதே கையெழுத்தில் எழுதினார்.

*

கரவொலி நாட்டுக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒரு முறை அவையில் எழுந்து பேச உரிமை உண்டு. மாசிலாமணி இருநூற்றுப் பதினான்காவது சாவுக்குப் பிறகு அந்த உரிமையைப் பயன்படுத்தினார்.

"அது பயணக் களைப்பு இல்லை. சீதபேதி," என்றார். "இரண்டாம் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தும் பொய் எழுதினேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. என் கையெழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார்கள், போட்டுவிட்டேன். செத்தவர்களின் வீட்டு வாசலைக்கூட என்னால் கடக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது."

குவளையைப் பற்றியும் சொல்லத்தான் எழுந்தார். தொண்டை வரை வந்தது. அங்கே அவர் நிறுத்தினார்.

பேச்சு நின்றதும், பிழைத்திருந்த குரங்குகள் பழக்கப்படி தட்டின. அன்று மாடத்தின் ஓரத்தில் சில மனிதர்களும் இருந்தார்கள். இத்தனை நாளில் வெட்கமாக இருக்கிறது என்று ஒருவராவது சொன்னாரே என்று அவர்களும் அழுதுகொண்டே தட்டினார்கள். கூரை அதிர்ந்தது. செவியருக்கு இடது காதுகூடக் கேட்டதாகச் சொன்னார்கள்.

அமைச்சர் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஒரே ஒரு கணம்தான். அவர் எழுந்து கைகூப்பினார். "மாமன்னரே! மக்கள் தட்டிவிட்டார்கள். மருத்துவர் சொன்னது இப்போது நாட்டின் சட்டம். வெட்கம் அவருடையது என்று அவரே சொன்னார், அவையும் ஏற்றது. இனி அதில் வேறு யாரும் பங்கு கேட்க முடியாது."

இப்படித்தான் 'வெட்கம் ஏற்கும் அலுவலர்' என்ற பதவி உருவானது. அரியணைக்கு இடப்பக்கம் ஒரு முக்காலி, தோளில் போட ஒரு சாம்பல் நிறச் சால்வை. எங்காவது பாலம் இடிந்தால், பள்ளிக்கூடக் கூரை விழுந்தால், படகு கவிழ்ந்தால், மாசிலாமணி எழுந்து அவையின் நடுவில் தலைகுனிந்து நிற்க வேண்டும். சிறு தவறுக்குக் கால் நாழிகை, உயிர்ச்சேதத்துக்கு அரை நாழிகை. ராஜினாமாக் கடிதம் இரண்டு முறை கொடுத்தார். "வெட்கப்படுறவர் வெட்கமில்லாம விட்டுட்டுப் போகலாமா?" என்று அமைச்சர் உண்மையிலேயே மனம் நொந்து கேட்டார்.

முதலில் மக்கள் அவரைப் பார்த்துக் கல்லெறிந்தார்கள். பிறகு பரிதாபப்பட்டார்கள். பிறகு பழகிவிட்டார்கள். பாலம் இடிந்த செய்தி வந்தால், மருத்துவர் தலைகுனிந்தாரா என்று கேட்பார்கள். குனிந்தார் என்றால் மனம் லேசாகிச் சாப்பிடப் போவார்கள். யாரும் குனியாத நாட்டில் ஒருவர் முறையாகக் குனிவது எவ்வளவு வசதி என்று கொஞ்ச நாளில் எல்லோருக்கும் புரிந்தது. அண்டை நாடுகளிலிருந்து அதிகாரிகள் வந்து இந்த முறையைப் படித்துவிட்டுப் போனார்கள்.

நாட்டின் எல்லா வெட்கமும் அவர் மேல் ஏற்றப்பட்டது. அவருக்கோ அதெல்லாம் வெறும் சால்வையின் பாரம். ஒவ்வொரு முறை தலைகுனியும்போதும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது பாலமும் இல்லை, கூரையும் இல்லை. ஒரு வெண்கலக் குவளையும் அதை வாங்க நீண்ட ஈரக் கைகளும்தான். அந்த ஒரு வெட்கத்தை மட்டும் எந்தச் சட்டமும் தொடவில்லை. அதைப் பற்றி யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

*

ஆறு ஆண்டுகள் போயின. பழைய குரங்குகளுக்கு வயதாகி ஓசை குறைந்தது. மறுபடி முந்நூறு குரங்குகளை ஏற்றிக்கொண்டு கப்பல் வந்தது. மேடை, கொடி, மேளம், அதே அமைச்சர். வெட்கம் ஏற்கும் அலுவலர் என்ற முறையில் மாசிலாமணிக்கும் மேடையில் இடம் உண்டு.

கொட்டடிக்கு இப்போது பூவராகன் என்ற புதிய மருத்துவர். நன்றாகப் படித்தவர், பணிவானவர். கருணை அடிப்படையில் தாயின் வேலையைப் பெற்ற செங்கமலம் அவருக்குக் கீழே. மாசிலாமணி தந்த வாக்குகளில் நிறைவேறியது அது ஒன்றுதான். மேடையில் அவள் நின்ற இடம் காத்தாயி நின்ற அதே இடம்.

பெட்டிகளின் பக்கமிருந்து காற்று வீசியபோது மாசிலாமணிக்கு அந்த வாடை தெரிந்துவிட்டது. அவர் பூவராகன் அருகே போனார்.

"தம்பி, கழிவப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க ஐயா."

"என்ன எழுதியிருக்கீங்க?"

பூவராகன் கொஞ்சமும் தயங்கவில்லை. "பயணக் களைப்புன்னுதாங்க. அதானே வழக்கம்? ஏதாவது ஆனாலும் அந்த வெட்கம் உங்க துறைல வந்துரும். எங்களுக்கெல்லாம் நீங்க பெரிய பாதுகாப்பு ஐயா." நெஞ்சில் கைவைத்து நன்றியோடுதான் சொன்னார்.

பெரிய குரங்கு குடித்தது. குவளை பூவராகனிடம் வந்தது. அவர் உதட்டில் வைத்துச் சாய்த்தார். கூட்டம் ஆரவாரித்தது. மாசிலாமணி அவர் தொண்டையைப் பார்த்தார். தொண்டை அசையவில்லை.

குவளை செங்கமலத்தின் கைக்கு வந்தது.

ஆறு ஆண்டுகளாகக் குனிந்து குனிந்து பழகிய மனிதர், நான்கடி தூரத்தைத் தாண்டி அவள் அருகே போய் நின்றார். குரல் அவருக்கே கேட்காத அளவு இருந்தது.

"குடிக்காத தாயி. உங்கம்மா இதாலதான்... அன்னிக்கு நான்..."

"தெரியும் ஐயா," என்றாள் செங்கமலம். குவளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க தொண்ட அசையலன்னு அம்மா பாத்திருக்கு. எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போச்சு."

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

"பாத்துமா குடிச்சா?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'அம்புட்டுப் பேரு பாக்குறாங்க, நான் வேணாம்னு சொன்னா ஐயா குடிக்காதது தெரிஞ்சு போயிருமே, அவருக்கு வெக்கமாப் போயிரும்'னு சொல்லிச்சு." செங்கமலம் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். "விடுங்க ஐயா, நேரமாவுது. குடிக்கலன்னா வேல போயிரும்."

மாசிலாமணி அவள் கையிலிருந்து குவளையைப் பிடுங்கினார். அண்ணாந்து அல்ல, வாய் வைத்து, நின்ற இடத்திலேயே குடித்தார். சால்வை நனைந்தது. தொண்டை ஏறி இறங்கியதைக் கடைசி வரிசையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். அடியில் கிடந்த கசடு வரைக்கும் குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு குரங்குகள் தட்டின; அவற்றைப் பார்த்து மக்களும் தட்டினார்கள்.

அமைச்சர் விருத்தகிரியின் கண் கலங்கிவிட்டது. "பாருங்கள் தூதரே, எங்கள் வெட்கத்துக்கே எவ்வளவு நாட்டுப்பற்று!" என்றார். பிறகு பணியாட்களைப் பார்த்துக் கையசைத்தார்.

"குவளை காலியாயிடுச்சு பாரு. நெரப்பிக் கொண்டா. விருந்தாளிங்க வாயில வெச்சுட்டு அப்படியே அந்தப் பொண்ணுகிட்டக் குடு."

செங்கமலம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குவளையை வாங்க நீட்டினாள்.